தட்டை: ஒரு தண்டின் பெயர் வந்த வழி

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர் என்று விரிகிற கரிசல் காட்டில் செடியின் தண்டுக்குப் பொதுப்பெயர் ஒன்று போதாது. நெல்லுக்குத் தாள். சோளத்துக்கும் கம்புக்கும் தட்டை. பருத்திக்கும் துவரைக்கும் மார். கீரைக்குத் தண்டு, கரும்புக்குக் கழி, வேம்புக்கும் புளிக்கும் அடிமரம். 'சோளமார்' என்று யாரும் சொல்வதில்லை. 'பருத்தித் தட்டை' என்று ஒருவர் சொன்னால், அவர் காடு கரைக்குப் போய்ப் பழகாதவர் என்று கேட்கிறவர்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

இந்தச் சொற்களில் தட்டை ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு அது வந்த வழியே போய்ப் பார்க்க ஆசை. அது மலையில் தொடங்கிய சொல். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த தானியங்களோடு சேர்ந்து சமவெளியில் வேரூன்றியது. இப்போது அமெரிக்கப் பயிர் ஒன்றின் மேல் ஏறி நிற்கிறது.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். கரிசலில் ஆண்டுக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்வது. மானாவாரியாக விதைத்த சோளம் அந்த ஈரத்தைக் களிமண்ணுக்குள் இருந்து உறிஞ்சி, மழை நின்ற பிறகும் பனியிலேயே கதிர் முற்றி நிற்கும். முளைத்ததிலிருந்து அது சோளப்பயிர். அதன் இலைக்குத் தோகை என்று பெயர். கதிர் வெளியே வந்த பின்னும் அது பயிர்தான். கதிரைக் கொய்து களத்துக்குக் கொண்டுபோன பிறகு காட்டில் மிஞ்சி நிற்கிறதே, அதற்குத்தான் தட்டை என்று பெயர். அடியோடு அறுத்து, காயப்போட்டு, கட்டாகக் கட்டி, வீட்டுக்குப் பின்னால் படப்பாக அடுக்கினாலும் அதே பெயர். தட்டை அறுத்த இடத்தில் காலைக் குத்திக்கொண்டு நிற்பது சோளக்கட்டை.

நெல்லின் கதை வேறு. வயலில் தாளாக இருந்தது அறுத்துக் காய்ந்ததும் வைக்கோல் ஆகிவிடுகிறது. தட்டைக்கு அப்படி இரண்டாவது பெயர் தேவைப்படவில்லை. தானியம் போன பின் வருகிற வாழ்க்கைக்கென்றே பிறந்த பெயர் அது.

'பயிர்' எப்போது 'தட்டை' ஆகிறது என்பதில் மாட்டின் உயிர் அடங்கியிருக்கிறது. இளம் சோளப்பயிரில் துரின் என்றொரு பொருள் உண்டு. மாடு அதை மென்று தின்னும்போது அது சயனைடு நஞ்சாக மாறும். மழையில்லாமல் வாடிய குருத்திலும், அறுத்த கட்டையிலிருந்து திடீர் மழைக்குத் துளிர்க்கிற மறுதாம்பிலும் அது மிகுதி. அவிழ்த்துக்கொண்டு போன மாடு சோளக் காட்டில் வாய் வைத்து, வயிறு உப்பி, சிறிது நேரத்தில் விழுந்து செத்த கதை இல்லாத கரிசல் ஊர் அநேகமாக இருக்காது. கதிர் முற்ற முற்ற நஞ்சு குறைகிறது. வெயிலில் உலர்ந்தால் இன்னும் குறைகிறது. ஆக, பயிர் என்று சொல்லும் காலத்தில் மாட்டை அண்டவிடக் கூடாது. தட்டை என்று சொல்லத் தொடங்கிவிட்டால் தாராளமாகப் போடலாம். வேதியியல் தெரிந்து யாரும் இப்படிப் பெயர் பிரிக்கவில்லை. ஆனாலும் பெயர் சரியான இடத்தில் பிரிந்திருக்கிறது.

அடுத்தது, தண்டின் உள்ளமைப்பு. ஒரு சோளத்தட்டையை எடுத்து நகத்தால் கீறினால் பளபளப்பான மேல்தோல் நீள நீளமாக உரிந்துவரும். ஏமாந்தால் விரலை அறுத்துவிடும். உள்ளே வெள்ளை வெளேரென்று மெத்து மெத்தென்ற சோறு. கிராமத்துப் பிள்ளைகள் அந்தச் சோற்றைத் துண்டு துண்டாக நறுக்கி, உரித்த தோலை ஊசியாகச் செருகி வண்டி செய்வார்கள், கண்ணாடி செய்து மூக்கில் மாட்டிக்கொள்வார்கள். சில சோளத்தில் அந்தச் சோறு காய்ந்த பஞ்சாக இருக்கும், சிலவற்றில் இனிப்புச் சாறு கட்டியிருக்கும். தோகையின் நடுநரம்பைப் பார்த்தே இதைச் சொல்லிவிடலாம். நரம்பு வெள்ளையாக இருந்தால் வறண்ட தட்டை, மங்கிய பச்சையாக இருந்தால் சாறுள்ள தட்டை.

வெளியே வைரம், உள்ளே சோறு. இந்த அமைப்பை வைத்துத்தான் தொல்காப்பியத்தின் மரபியல் தாவரங்களையே இரண்டாகப் பிரிக்கிறது. காழ் என்றால் வைரம். புறத்தே வைரம் உடையவை புல், அகத்தே வைரம் உடையவை மரம். இந்தக் கணக்கில் மூங்கில் புல், தென்னை புல், பனையும் புல். தமிழ்நாட்டின் மாநில மரமே புல் வகையில் போய் உட்கார்ந்துவிடுகிறது. பேச்சில் பனைமரம், தென்னைமரம் என்றுதான் அன்றும் இன்றும் சொல்கிறோம். ஆனால் பனையைப் பிளந்து கூரைக்குக் கை எடுக்கிறவருக்கு இலக்கணம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வெளிப்பக்கம் கறுத்து இறுகிய பகுதி வீட்டைத் தாங்கும். உள்பக்கத்துச் சோற்றைச் செதுக்கித் தள்ளிவிடுவார். கருவேலங்கட்டையில் கலப்பை செதுக்குகிறவர் இதற்கு நேர்மாறாக, வெளியில் இருக்கிற வெளிறிய பகுதியைத் தள்ளிவிட்டு நடுவில் இருக்கிற வைரத்தைத் தேடிப் போவார்.

தாவரவியல் இதே வேறுபாட்டைத் தன் வழியில் வந்து கண்டது. இங்கிலாந்தின் ஜான் ரே 1682-இல் விதையிலையின் எண்ணிக்கையைக் கொண்டு ஒருவித்திலை, இருவித்திலை என்ற பிரிவைக் காட்டினார். 1798-இல் பிரான்சின் தெஃபோந்தேன் பனை இனத்துத் தண்டுகளை அறுத்துப் பார்த்து, அவற்றில் வேம்பு, புளி போன்ற மரங்களில் இருக்கிற வளையங்கள் இல்லை, நார்க்கற்றைகள் தண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன, வெளிவிளிம்பில் நெருங்கி இறுகுகின்றன என்று எழுதினார். சோளத்தட்டையின் குறுக்குவெட்டும் இதே படம்தான்.

இதைக் கொண்டு தொல்காப்பியர் அன்றே நவீனத் தாவரவியலைச் சொல்லிவிட்டார் என்று மார்தட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவர் எழுதிவைத்தது அரிவாளும் கோடரியும் பிடித்த கைகளின் அறிவை. அந்த அறிவுக்கு உரிய பெருமையே போதுமான அளவு பெரியது.

மரபியலில் இன்னொன்று கவனிக்கத் தக்கது. புல்லுக்கு உரிய உறுப்புகள் என்று தோடு, மடல், ஓலை, ஏடு, இதழ், பாளை, ஈர்க்கு, குலை என வரிசை வருகிறது. மரத்துக்கு இலை, தளிர், கோடு, அரும்பு முதலியன. காய், பழம், தோல், செதிள், வீழ் ஆகியவை இரண்டுக்கும் பொது. புல்லின் பட்டியலைத் திரும்பப் படித்தால் முக்கால்வாசி பனையும் தென்னையும்தான் கண்முன் நிற்கின்றன. அதில் தட்டை இல்லை. புல்லைப் புல் ஆக்குவதே அதன் தண்டு என்று வகுத்தவர், தண்டின் பெயரைப் பட்டியலில் சேர்க்கவில்லை.

அப்படியானால் பழைய நூல்களில் தட்டை எங்கே இருக்கிறது? தினைப்புனத்தில். குறிஞ்சிப்பாட்டில் கிளி ஓட்டும் கருவிகளாகத் தழலும் குளிரும் தட்டையும் வருகின்றன. மூங்கிலின் கணுவுக்கும் கணுவுக்கும் நடுவில் பல பிளவாகப் பிளந்து, எதன் மீதாவது தட்டி ஒலி எழுப்புவது தட்டை என்று உரையாசிரியர் விளக்குகிறார். குறுந்தொகையில் சுனைத் தேரை கத்துவது தட்டைப்பறையின் ஒலிக்கு ஒப்பாக வருகிறது. பிளந்த மூங்கிலின் அந்த வறண்ட கடகட ஓசையைக் கேட்டவர்களுக்கு அந்த ஒப்புமையின் துல்லியம் புரியும். நிகண்டுகளில் தட்டை என்ற சொல்லுக்கு மூங்கில் என்றே ஒரு பொருள் இருக்கிறது.

தட்டுவதால் தட்டை என்று கருவிக்குப் பெயர் வந்திருக்கலாம் என்பது எளிதில் தோன்றும் விளக்கம். தட்டையான பண்டம், தட்டைமுறுக்கு என்று வருகிற சொற்களும் தனிக் குடும்பமாக இருக்கின்றன. ஆனால் மூங்கிலையும் சோளத்தண்டையும் ஒரே சொல் குறிப்பதற்கு இந்த இரண்டு விளக்கமும் போதவில்லை. நான் தண்டு என்ற சொல்லின் பக்கமே சாய்கிறேன். தமிழில் மெல்லெழுத்து வல்லெழுத்தாக இறுகுவது வழக்கமான ஒன்று. இரும்பு, இருப்புப்பாதை ஆகிறது. கரும்பின் சாறு கருப்பஞ்சாறு ஆகிறது. கரிசல் காட்டில் கொம்பைக் கொப்பு என்கிறார்கள். 'வேப்பங்கொப்பை ஒடிச்சிட்டு வா' என்பது அன்றாடம் காதில் விழுகிற பேச்சு. கொம்புக்குக் கொப்பு எப்படியோ அப்படித் தண்டுக்குத் தட்டு. தட்டு என்ற வடிவமும் தட்டை என்ற வடிவமும் இன்றும் பேச்சில் அருகருகே இருக்கின்றன. பக்கத்து மொழியான கன்னடத்தில் சோளத்தின் தண்டு தண்ட்டு, அதாவது மெல்லெழுத்து இறுகாத வடிவம்.

தண்டுகளில் எது தட்டை ஆயிற்று என்று பார்த்தால் மூங்கில், கம்பு, சோளம். மூன்றும் கணு உள்ளவை, மூன்றும் புறத்தே இறுகியவை, பிளந்தால் நேர்கோட்டில் பிளப்பவை, காய்ந்தால் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போடுபவை. கீரைத்தண்டு சத்தம் போடாது. அது கடைசி வரை தண்டாகவே இருந்துவிட்டது.

இங்கே காலம் பற்றி ஒரு சொல். சோளம் வடகிழக்கு ஆப்பிரிக்காவிலும், கம்பு மேற்கு ஆப்பிரிக்காவின் சகாரா விளிம்பிலும் பயிராக்கப்பட்டவை. கடலும் கரையும் கடந்து இந்தியாவுக்குள் வந்து மிகப் பழங்காலத்திலேயே நம் தானியங்கள் ஆகிவிட்டன. புதிய பயிர் வரும்போது அதன் தானியத்துக்கு ஒரு பெயர் பிறக்கிறது. சோளத்துக்குக் கன்னடத்தில் ஜோள, தெலுங்கில் ஜொன்ன. உறுப்புகளுக்கோ இருக்கிற சொற்களே போய் ஒட்டிக்கொள்கின்றன. கரும்புக்கு இருந்த தோகை சோளத்துக்கும் ஆயிற்று. மூங்கிலுக்கு இருந்த தட்டை சோளத்துக்கும் கம்புக்கும் ஆயிற்று. இன்று கரிசலில் தட்டை என்றால் மூங்கில் யாருக்கும் நினைவில் வராது. வந்த பயிர் சொல்லை முழுவதுமாகத் தனக்காக்கிக்கொண்டது.

தட்டைக்கு இந்தக் காட்டில் ஒரு தங்கை உண்டு. அதன் பெயர் நாத்து. தஞ்சாவூர்க்காரருக்கு நாற்று என்றால் பிடுங்கி நடுகிற நெல் இளம்பயிர். நாறு என்ற வினைக்கு முளைத்தல், தோன்றுதல் என்றும் பொருள் உண்டு, அதிலிருந்து நாற்று. கரிசலில் நடவும் இல்லை, நாற்றங்காலும் இல்லை. இங்கே சோளநாத்து என்பது மாட்டுக்கென்றே நெருக்க விதைத்து, தண்டு தடிக்கவிடாமல் வளர்த்து அறுக்கிற தீவனம். நெருக்கத்தில்தான் சூட்சுமம். தானியத்துக்கு மானாவாரியில் ஹெக்டேருக்கு 15 கிலோ அளவில் விதைக்கிற சோளத்தை, தீவனத்துக்கு அதைவிட மிகுதியாக விதைக்கச் சொல்கிறது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. இடம் கிடைக்காமல் தண்டு மெலிந்து நீளும். மாடு அடிவரை மிச்சமில்லாமல் தின்னும். நாத்துக்கட்டு, நாத்துப்படப்பு என்று இந்தச் சொல்லுக்கும் சொந்தபந்தம் நிறைய. ஒரே சொல் காவிரிக் கரையில் விரல் நீளப் பயிரையும் கரிசலில் ஆள் உயரக் கட்டையும் குறிப்பதற்குக் காரணம் மழை. அங்கே நாற்று நடுவதற்குத் தண்ணீர் உண்டு. இங்கே விதைத்த இடத்திலேயே வளர்ந்து முடிய வேண்டும். நாத்துக்கும் தட்டைக்கும் உள்ள வித்தியாசத்தை மாட்டுக்காரர்கள் விலையிலும் வைத்திருக்கிறார்கள், மாடுகள் வாயிலும் வைத்திருக்கின்றன. கம்பந்தட்டை இரண்டுக்கும் கீழே. அது முரடு, சோளத்தட்டை தீர்ந்த பிறகுதான் அதற்கு முறை வரும்.

மார் தட்டைக்கு எதிர்ப்புறம் நிற்கிற சொல். அகராதி வடிவம் மாறு. விளக்குமாறு என்ற சொல்லில் இருக்கிற மாறும் இதுதான், மிலாறு என்கிற குச்சி. பருத்தி எடுத்து முடிந்த செடியை வேரோடு பிடுங்கிக் கட்டினால் பருத்திமார். பருத்தி புல் அல்ல. அதன் தண்டில் சோறு நிறைந்த குழாய் இல்லை, உள்ளே கட்டை இருக்கிறது. ஆகவே மாடு அதைத் தின்னாது, அடுப்பு தின்னும். தட்டையை அடுப்பில் வைத்தால் பொசுக்கென்று எரிந்து அடங்கும். மார் நின்று எரிந்து கங்கு விடும். கருங்கண்ணிப் பருத்தி விளைந்த காலத்தில் கரிசல் வீடுகளின் கொல்லையில் படப்பு ஒருபக்கம், மார்க்கட்டு ஒருபக்கம். ஒன்று மாட்டின் சாப்பாடு, மற்றது மனிதரின் சாப்பாட்டுக்கான தீ. தொல்காப்பியம் சொன்ன புறக்காழும் அகக்காழும் வீட்டுக் கொல்லையில் இப்படித் தனித்தனியே அடுக்கிக் கிடந்தன.

தண்டின் பெயர்களை இப்படி ஒன்றுவிடாமல் எடுத்து வரிசைப்படுத்தியவர் தேவநேயப் பாவாணர். தாள், தண்டு, கோல், தூறு, தட்டு அல்லது தட்டை, கழி, கழை, அடி என்று ஒவ்வொன்றுக்கும் எந்தப் பயிருக்கு எது என்று எடுத்துக்காட்டோடு கொடுத்தார். தட்டைக்கு அவர் காட்டியது கம்பும் சோளமும். கிளைக்குக் கவை, கொம்பு அல்லது கொப்பு, சினை, போத்து, குச்சு, இணுக்கு. காய்ந்த தாளுக்கும் தோகைக்கும் சண்டு, காய்ந்த இலைக்குச் சருகு. பிஞ்சில் மாவுக்கு வடு, பலாவுக்கு மூசு, எள்ளுக்குக் கவ்வை, வாழைக்குக் கச்சல். தமிழின் வளத்தைக் காட்டுவதற்காக அவர் செய்த பட்டியல் இது என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அதில் நிலமே தெரிகிறது. பாவாணர் 1902-இல் பிறந்த சங்கரன்கோவில், கோவில்பட்டிக்கு மேற்கே எட்டும் தூரத்தில் இருக்கிற ஊர். வானம் பார்த்த காடும், குளத்துப் பாசன வயலும், பனையும் ஒன்றாக இருக்கிற பகுதி அது. தாளையும் தட்டையையும் ஒரே நாளில் பார்க்கிறவர்களுக்குத்தான் இரண்டுக்கும் இரண்டு பெயர் வேண்டும் என்பது இயல்பாகப் படும்.

இடைசெவல்காரரான கி. ராஜநாராயணன் செய்தது இன்னொரு வகை வேலை. 1982-இல் அவர் கொண்டுவந்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதிக்கு முன்னோடி என்று தமிழில் சொல்ல ஒன்றும் இல்லை. பாவாணர் சொல்லின் வேரைத் தேடினார். கி.ரா. சொல்லைப் பேசுகிற வாயைத் தேடினார். சம்சாரிகளின், அதாவது உழவர்களின், பேச்சில் கிடந்ததை அகராதி ஏறத் தக்கது என்று ஒரு சம்சாரியே முடிவு செய்தது பெரிய காரியம். இருவர் வேலையும் சேர்ந்தால்தான் தட்டை போன்ற ஒரு சொல்லின் முழு உருவம் கிடைக்கிறது.

கோவில்பட்டியில் 1901 முதல் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே பிறந்த ரகங்களுக்கு ஊரின் பெயரால் 'கே' என்ற எழுத்து முன்னால் வரும். 2015-இல் வெளிவந்த கே 12 சோளம் உட்பட அந்த நிலையத்தின் சோள ரகங்களில் தானியத்தோடு தட்டை விளைச்சலுக்கும் மதிப்பெண் உண்டு. அலுவல் தமிழில் அதைச் 'சோளத் தட்டை மகசூல்' என்றே எழுதுகிறார்கள். ஆராய்ச்சிக்கூடம் ஒரு காட்டுச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டிருப்பது எனக்கு மிகுந்த நிறைவு தருகிறது.

ஆனால் காட்டில் சோளம் குறைந்துவிட்டது. கடந்த முப்பது ஆண்டுகளில் மக்காச்சோளம் கரிசலை நிறைத்திருக்கிறது. கோழித் தீவனத்துக்கு அதை வாங்க ஆள் இருக்கிறது, பறவைகளிடமிருந்து மட்டை கதிரைக் காக்கிறது. 2018-இல் வந்த படைப்புழுவும் அதை முழுவதுமாக விரட்டிவிடவில்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இந்தப் பயிரின் தண்டுக்கும் தட்டை என்றே பெயர் வைத்துவிட்டார்கள், யாரும் யாரையும் கேட்கவில்லை. கணு இருக்கிறது, தோகை இருக்கிறது, வெளியே இறுக்கமும் உள்ளே சோறும் இருக்கிறது. சொல் தன் ஆளை அடையாளம் கண்டுகொண்டது. ஆனால் மக்காச்சோளத் தட்டை தடிமன். முழுசாகப் போட்டால் மாடு தோகையை உருவித் தின்றுவிட்டு அடியை ஒதுக்கிவிடும். நறுக்கிப் போட இயந்திரம் வேண்டும். வீடுகளில் மாடும் குறைந்துவிட்டது. பல காடுகளில் கதிர் ஒடித்த பிறகு தட்டையைச் சுழல்கலப்பை விட்டு மண்ணோடு மண்ணாக அடித்துவிடுகிறார்கள், சில இடங்களில் தீ வைக்கிறார்கள். மண்ணில் சேர்வது நிலத்துக்கு நல்லது, எரிப்பது கெடுதல். எப்படியானாலும் அறுப்பு இல்லை, கட்டு இல்லை, படப்பு இல்லை. தட்டை என்ற சொல் பிழைத்துக்கொள்ளும். அதைச் சுற்றி இருந்த சொற்களுக்குத்தான் இப்போது வேலை இல்லாமல் போகிறது.

பாவாணரின் அந்தப் பட்டியல் உள்ள கட்டுரை இன்று தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலின் முதல் இயலில் 'தமிழ்ச்சொல் வளம்' என்ற தலைப்பில் இருக்கிறது. தாள், தண்டு, கோல், தூறு என்று பிள்ளைகள் தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறார்கள். சென்னையில் இருக்கிற பிள்ளைக்கு வேறு வழியில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். கோவில்பட்டிப் பள்ளிகளின் பிள்ளைகளுக்கு அந்த நிலை இல்லை. நாலாட்டின்புதூரிலும் கயத்தாற்றிலும் எட்டயபுரத்திலும் பள்ளிச் சுவரைத் தாண்டினால் காடுதான். பாடம் ஆனி, ஆடியில் வருகிறது, தட்டை நிற்பதோ தை, மாசியில். ஆசிரியர்கள் அந்தப் பக்கத்தை இன்னொரு முறை தையில் எடுக்கலாம். கதிர் கொய்த ஒரு சோளக் காட்டில் நிறுத்தி, தட்டையை ஒடித்துத் தோலை உரிக்கச் சொல்லி, பக்கத்துக் காட்டுப் பருத்திமாரையும் ஒடித்துப் பார்க்கச் சொன்னால், பாவாணரின் வரிசையோடு மரபியலின் இரண்டு காழும் ஒரே பொழுதில் கைக்கு வந்துவிடும்.